எட்டு மீட்டர் எலி, முப்பது மீட்டர் முயல்

இங்கிலாந்தில் 18 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே ஏர் ரைஃபிள் வாங்கலாம். ஆனால் குழாயை விட்டுக் கிளம்பும் ரவையின் ஆற்றல் 12 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது. ஏறக்குறைய 16 ஜூல். (ஸ்காட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து இதற்கும் சான்றிதழ் வேண்டும்.) யார்க்‌ஷயரில் ஒரு பால் பண்ணையில் எலி சுடப் போகிறேன், வயலோரத்தில் முயலும். இத்தனை சின்ன ஆற்றலால் வதைக்காமல் கொல்ல வேண்டுமென்றால் ரவை தலையில்தான் பட வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, ஒரு காசு அகலம்.

மேஜையில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து 40 மீட்டரில் காசைத் துளைப்பவர்கள் உண்டு. ஈரப் புல்லில் முழங்காலிட்டு, பக்கக் காற்றில், எவ்வளவு தூரம் வரை ஒன்றுகூடத் தவறாமல் அடிக்கிறீர்கள்? அதுதான் உங்கள் தூரம். எனக்கு 30. அதற்கு அப்பால் முயல் எவ்வளவு கொழுத்திருந்தாலும் அது பிழைத்துப் போகட்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்துங்கள். வேலிக்கட்டை மேல் நேராக வைக்காதீர்கள். காற்றடைத்துச் சுடும் பிசிபி வகையில் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் தொல்லை.

எலி வேறு கணக்கு. தொழுவத்தில் அது எட்டு மீட்டரில் நிற்கும். கிட்டத்தில்தானே என்று ஸ்கோப்பின் நடுக்குறியை வைத்தால் ரவை ஒன்றரை சென்டிமீட்டர் கீழே போகும். ஸ்கோப் குழாய்க்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. 30 மீட்டருக்குச் சரிசெய்த பார்வைக்கோடும் ரவையின் பாதையும் அவ்வளவு கிட்டத்தில் சந்திப்பதில்லை. ஐந்து மீட்டரில் வித்தியாசம் இன்னும் கூடும். முதலில் அட்டையில் சுட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எலியை நிற்க வைப்பதுதான் மிச்ச வித்தை. தானியம் தூவினால் கவ்விக்கொண்டு ஓடிவிடும். சுவரோரம் ஒரு செங்கல்லில் பீனட் பட்டரைத் தேய்த்து வையுங்கள். நக்கத்தான் முடியும், தூக்கிப்போக முடியாது. புதுப்பொருளைக் கண்டால் எலி அஞ்சும், அதனால் சில நாள் முன்பே வைத்துப் பழக்க வேண்டும். செங்கல்லுக்குப் பின்னால் வைக்கோல் கட்டு அவசியம்: சிமென்ட் தரையில் பட்ட ரவை எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, பக்கத்தில் மாடு நிற்கிறது.

பண்ணைக்காரர் விஷம் வைக்காததற்குக் காரணம் களஞ்சியத்து உத்தரத்தில் குடியிருக்கும் கூகைகள். விஷம் தின்ற எலியைத் தின்றால் அவையும் சாகலாம். ஈய ரவை தங்கிய எலியும் அவற்றுக்கு நல்லதல்ல. எனவே சுட்டதையெல்லாம் பொறுக்கிவிட வேண்டும். எலிக்காய்ச்சல் பயம் உண்டு, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பண்ணைக்காரர் வெறுங்கையால் வாலைப் பிடித்து வாளியில் எறிகிறார். அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று: இந்தியாவில் முயல், கௌதாரி எதைச் சுட்டாலும் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாயும். அட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.