‘டவுட்’ என்றால் அங்கே வேறு பொருள்

நம் சங்க அன்பர்கள் பலரின் பிள்ளைகள் மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்கிறார்கள். செலவை ஈடுகட்டச் சிலருக்கு ‘டீச்சிங் அசிஸ்டென்ட்’ வேலை கிடைக்கிறது. இளநிலை மாணவர்களுக்குக் கணக்கோ பௌதிகமோ சொல்லித்தர வேண்டும். பாடம் தெரிந்தவனுக்கு என்ன பயம் என்று நாம் நினைக்கிறோம். பயம் பாடத்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது.

“ஏனி டவுட்ஸ்?” என்று நாம் சாதாரணமாகக் கேட்போம். அமெரிக்க மாணவனுக்கு ‘டவுட்’ என்றால் அவநம்பிக்கை. ‘க்வெஸ்சன்ஸ்’ என்றுதான் கேட்க வேண்டும். ‘3 இன்டு 12’ என்றால் நமக்கு 36. அவன் காதிலோ ‘12-க்குள் 3 எத்தனை தடவை’ என்று விழும், விடை 4! ‘டைம்ஸ்’ என்றால் வம்பில்லை. நாம் தலையை இருபுறமும் ஆட்டி ஆமோதித்தால் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வான்.

உச்சரிப்பு அடுத்த சிக்கல். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை தூக்கலாக ஒலிக்க வேண்டும். ‘பராமீட்டர்’ என்பதில் அது இரண்டாவது அசை. நாமோ எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே பலத்தில் சொல்கிறோம். சொல்லின் முதலில் வரும் வல்லின ‘ப’வை மூச்சுக்காற்றோடு சொல்லாவிட்டால் பேரிக்காய் அவர்களுக்குக் கரடியாகக் கேட்கும்.

மாணவன் இரண்டு முறை “வாட்?” என்றதும் நம்மவர் பதறுகிறார். வேகமாகப் பேசுகிறார், போர்டைப் பார்த்தே பேசுகிறார். புரிவது இன்னும் குறைகிறது.

ஆனால் எல்லாக் குறையும் பேசுபவருடையது அல்ல. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ரூபின் 1992-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓஹையோவில் வளர்ந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் குரலில் பாடத்தைப் பதிவு செய்து 62 மாணவர்களைக் கேட்க வைத்தார். சிலருக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம், மற்றவர்களுக்கு ஆசியப் பெண்ணின் படம். குரல் ஒன்றே. ஆசிய முகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்நிய உச்சரிப்பு கேட்டது, பாடமும் குறைவாகவே மனதில் நின்றது! இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

மீதிப் பாதிக்கு ரயில்வே வழி ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் பேசியதற்கு அத்தாட்சியாகப் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொள்வார்கள். வெறும் ‘சரி’ போதாது. வகுப்பிலும் ‘புரிந்ததா?’ என்றால் தலை ஆடும், அவ்வளவே. அடுத்த ஸ்டெப்பை மாணவனையே சொல்லச் சொன்னால் உண்மை தெரியும். முக்கியச் சொற்களை முதலில் போர்டில் எழுதிவிட்டு, வகுப்பைப் பார்த்துத் திரும்பிய பிறகே பேசலாம்.

பல பல்கலைக்கழகங்கள் இவர்களுக்குப் பேச்சுத் தேர்வும் பயிற்சியும் வைத்திருக்கின்றன. அதை அவமானமாகக் கருத வேண்டாம். புறப்படும் முன்பே ஒரு கணக்கைப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கிப் பதிவு செய்து, அந்தப் பாடம் அறியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர் எங்கே முகம் சுளிக்கிறாரோ அந்தச் சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள்.