சிப் பாஸ்போர்ட்: பூட்டு பத்திரம், சாவி எங்கே?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் வெளிநாட்டு வேலையை நினைப்பவர்கள் பல ஊர்களிலும் உண்டு. துபாயோ, சவூதியோ, சிங்கப்பூரோ, மலேசியாவோ, எங்கே கிளம்பினாலும் முதலில் கையில் வேண்டியது பாஸ்போர்ட். இப்போது புதிதாக வரும் பாஸ்போர்ட்டின் முன் அட்டையைப் பாருங்கள். நீள்சதுரத்துக்குள் ஒரு வட்டம், தங்க நிறத்தில் இருக்கும். உள்ளே மின்னணுச் சிப் இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

"சிப் வச்சிருந்தா நாம எங்க போறோம்னு பாத்துக்கிட்டே இருப்பாங்களா? பஸ்ஸுல பக்கத்துல நிக்கிறவன் நம்ம விவரத்தை உருவிடுவானா?" இப்படி ஒரு சந்தேகம் உங்களுக்கும் இருக்கலாம். நியாயமான சந்தேகம்தான். விடையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எப்போது வந்தது?

இந்தியாவின் முதல் சிப் பாஸ்போர்ட் 2008-ல் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதீபா பாட்டிலுக்கு வழங்கப்பட்டது. பொதுமக்களுக்கான முன்னோடித் திட்டம் 2024 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2025 மார்ச் 3 முதல் சென்னை அலுவலகம் வழங்கத் தொடங்கி, அந்த மாதம் 22-ஆம் தேதிக்குள் 20,729 பேருக்குக் கொடுத்தது. நம் விருதுநகர் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது.

பழைய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். அதில் போட்டிருக்கும் காலாவதி தேதி வரை அது செல்லும். "உடனே மாத்தலன்னா செல்லாது" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

சிப் என்ன செய்யும், என்ன செய்யாது?

இந்தச் சிப்புக்குள் பேட்டரி கிடையாது. ஜிபிஎஸ் கிடையாது. தானாக யாருக்கும் எதையும் அனுப்பாது. படிக்கும் கருவியைச் சில சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால்தான், அந்தக் கருவி தரும் மின்சக்தியில் விழித்துக்கொண்டு பதில் சொல்லும். ஆகவே நீங்கள் போகும் இடமெல்லாம் சிப் பின்தொடரும் என்ற பயம் தேவையில்லை.

பாஸ்போர்ட்டில் அச்சாகியுள்ள முக்கிய விவரங்களும் உங்கள் முகப் படமும் அதில் இருக்கும். அதோடு அரசின் மின்னணுக் கையொப்பமும் சேர்ந்திருக்கும். ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. விமான நிலையத்தில் சரிபார்க்கும்போது காட்டிக்கொடுத்துவிடும். 2006-ல் ஜெர்மனியைச் சேர்ந்த லூகாஸ் குருன்வால்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், தன் பாஸ்போர்ட் சிப்பில் இருந்ததை வேறொரு சிப்பில் நகலெடுத்துக் காட்டினார். நகல் எடுக்க முடிந்தது. ஆனால் பெயரையோ படத்தையோ மாற்றினால் கையொப்பம் பொருந்தாமல் போய்விடும். அட்டையை வெட்டிப் படத்தை மாற்றி ஒட்டும் பழைய மோசடிக்கு இது நல்ல தடை.

சந்தேகம் கேட்டதால் வந்த பூட்டு

அமெரிக்காவில் 2005-ல் இந்தத் திட்டம் பற்றி அரசு கருத்துக் கேட்டபோது 2,300-க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். பெரும்பாலோர் எதிர்த்தார்கள். அதன் பிறகுதான் அங்கே அட்டைக்குள் உலோகத் தடுப்பும், சிப்புக்கு ஒரு பூட்டும் சேர்க்கப்பட்டன. மக்கள் கேட்ட கேள்விக்குப் பலன் கிடைத்தது.

அந்தப் பூட்டுக்குச் சாவி எது தெரியுமா? உலகப் பொது விதிப்படி மூன்று விவரங்கள்தான்: பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி. அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து, படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைக் கருவியில் காட்டுகிறார். அதிலிருந்து இந்த மூன்றும் கிடைக்கின்றன. பூட்டு திறக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் பையில் மூடிக் கிடக்கும் பாஸ்போர்ட்டின் இந்த மூன்றும் தெரியாது.

இப்போது யோசியுங்கள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எத்தனை பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள்? ஏஜென்ட், அவருக்குத் தெரிந்தவர், டிக்கெட் போடும் கடை, ஊர்க்காரர்கள் குரூப்... வீட்டுக்கு நல்ல பூட்டாகப் போட்டுவிட்டு, சாவியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிலைப்படி மேல் வைத்த கதைதான். அந்தப் போட்டோ கையில் இருப்பவருக்குச் சிப்பைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. பெயர், படம், பிறந்த தேதி எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதை வைத்தே, "விசா ரெடி, உங்க பாஸ்போர்ட் நம்பர் இதுதானே? பணத்தைப் போடுங்க" என்று நம்பும்படி பேச முடியும். எண் சரியாக இருக்கிறதே என்று நாமும் ஏமாந்துவிடுவோம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. போட்டோ கேட்பவர் யார் என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற வெளிநாட்டு வேலை ஏஜென்ட்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவருக்கு அனுப்பாதீர்கள். குரூப்பில் போடவே கூடாது.

2. ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை முடிந்ததும், கம்ப்யூட்டரில் இறங்கிய படத்தை அழிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் வெளியேறுங்கள். சரியாக விழாத நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

3. நகல் கொடுக்கும்போது எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று குறுக்கே எழுதிக் கையொப்பமிடுங்கள்.

4. அசல் பாஸ்போர்ட்டைக் கடனுக்கு ஈடாகவோ, "வேலை முடியிற வரைக்கும் இருக்கட்டும்" என்றோ யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து.

5. "சிப்பை ஆக்டிவேட் பண்ணணும், ஓடிபி சொல்லுங்க" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். சிப் வேலை செய்ய ஓடிபி தேவையே இல்லை.

6. விண்ணப்பிக்க அரசின் பாஸ்போர்ட் சேவா தளம் அல்லது எம்பாஸ்போர்ட் சேவா செயலி மட்டும். தள முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா பாருங்கள். சந்தேகம் என்றால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

7. பாஸ்போர்ட்டை மடிக்காதீர்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், ஈரத்திலும் கடும் வெயிலிலும் வைக்காதீர்கள். சிப் பழுதாகலாம்.

8. தொலைந்துவிட்டால் உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். வெளிநாட்டில் என்றால் இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். இணைய மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

இன்றே ஒரு சின்ன வேலை

போனில் கேலரியைத் திறங்கள். உங்கள் பாஸ்போர்ட் படமும், வீட்டில் உள்ளவர்கள் படமும் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தேவையில்லாததை அழியுங்கள், குப்பைத் தொட்டிப் பகுதியிலும் அழியுங்கள். அனுப்பிய இடத்தில் வேலை முடிந்திருந்தால், அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும், கிளம்பத் தயாராக இருக்கும் பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள். சிப்புக்குப் பூட்டை அரசு போட்டுக் கொடுத்திருக்கிறது. சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.