ஹர்கிலாவுக்கு வளைகாப்பு



சேமிப்பு, உள்கடன், வசூல், தீர்மானம் எல்லாம் நமக்குப் பழகிய பாடங்கள். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. அழிந்துபோக இருந்த ஒரு பறவையை அசாம் மாநிலத்துக் கிராமத்துப் பெண்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பார்க்கப் போகிறோம். "பறவைக்கும் நம்ம குழுவுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அது என்ன பறவை?

அதன் பெயர் ஹர்கிலா. நாரை இனத்தைச் சேர்ந்தது. நின்றால் ஏறக்குறைய ஐந்தடி உயரம், அதாவது நம்மில் பல பேர் உயரம் இருக்கும். சிறகை விரித்தால் எட்டடி அகலம். தலை மொட்டையாக இருக்கும், கழுத்தில் ஒரு பை தொங்கும். அழகான பறவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஹர்கிலா என்றால் 'எலும்பு விழுங்கி' என்று அர்த்தம். மீன், தவளை, எலி தின்னும். செத்த மாட்டையும் குப்பையில் கிடக்கும் எலும்பையும்கூட விடாது. அழுகி நாற்றமெடுக்க வேண்டியதைத் தின்று தீர்ப்பதால், சம்பளம் வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்கிற பறவை இது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கல்கத்தா நகரத்தில் இவை கூட்டம் கூட்டமாக நின்றன. அந்த மாநகராட்சியின் பழைய சின்னத்திலேயே இந்தப் பறவையின் உருவம் இருந்தது. பிறகு சதுப்பு நிலங்கள் தூர்ந்தன, பெரிய மரங்கள் விழுந்தன, பறவையும் குறைந்தது. இப்போது இது கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது அசாம், பீகாரில் பாகல்பூர் பக்கம், கம்போடியா நாடு ஆகிய மூன்று இடங்களில்தான். 2022ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொன்ன கணக்குப்படி, வளர்ந்த பறவைகள் உலகம் முழுக்க 1,200க்கும் குறைவு.

மரம் யாருடையது?

இங்கேதான் பாடத்தின் முக்கியமான இடம் வருகிறது. ஹர்கிலா காட்டுக்குள் கூடு கட்டினால் வனத்துறை காவல் போடலாம். ஆனால் அசாமில் அது பெரும்பாலும் ஊருக்குள், வீட்டுக் கொல்லையில் நிற்கும் உயரமான கடம்ப மரத்திலும் இலவ மரத்திலும் கூடு கட்டுகிறது. மரம் பட்டா நிலத்தில் நிற்கிறது. சொந்தக்காரர் நம்மைப் போன்ற ஒரு குடும்பம்.

அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். குஞ்சுக்குக் கொண்டுவந்த அழுகல் கறி முற்றத்தில் விழும். கூட்டி முடித்த வாசலில் எச்சம் விழும். சாப்பிட உட்கார்ந்தால் நாற்றம் வரும். அபசகுனப் பறவை என்ற பேச்சு வேறு. மரமோ குடும்பத்தின் சேமிப்பு. அவசரத்துக்கு வெட்டி விற்றால் நாலு காசு கிடைக்கும். பறவை உலகத்துக்கே பொது, நஷ்டம் மட்டும் மரத்துக்காரருக்கு. அப்புறம் வெட்டாமல் என்ன செய்வார்கள்?

2007ல் காம்ரூப் மாவட்டத்தில் அப்படித்தான் ஒருவர் தன் மரத்தை வெட்டினார். கூட்டில் இருந்த ஒன்பது குஞ்சுகளும் கீழே விழுந்தன. பறவைகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பூர்ணிமா தேவி பர்மன் அங்கே போய், ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். அக்கம்பக்கத்தார் சூழ்ந்துகொண்டு அவரைத்தான் கேலி செய்தார்கள். அவ்வளவு அக்கறை இருந்தால் இந்த அசிங்கத்தை நீயே சுத்தம் செய் என்கிற மாதிரிப் பேச்சு.

அவர் அப்போது இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம், புகார் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் படிப்பைத் தள்ளிவைத்துவிட்டு அந்த ஊர்களிலேயே வேலை செய்ய ஆரம்பித்தார். மரத்துக்காரரைக் குற்றவாளி ஆக்கினால் பறவை பிழைக்காது, அவரைக் கூட்டாளி ஆக்கினால்தான் பிழைக்கும் என்ற வழியில் போனார்.

பெண்கள் என்ன செய்தார்கள்?

1. முதலில் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். பறவையைப் பற்றிப் பேச வாருங்கள் என்றால் யார் வருவார்? அதனால் சமையல் போட்டி வைத்தார்கள். பெண்கள் வந்தார்கள். அந்த இடத்திலேயே பறவையைப் பற்றியும் பேச்சு நடந்தது.

2. பறவைக்கு வளைகாப்பு நடத்தினார்கள். நாம் பிள்ளைத்தாச்சிக்கு வளைகாப்பு செய்வது போல அசாமிலும் ஒரு சடங்கு உண்டு. ஹர்கிலா முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அதே சடங்கைப் பறவைக்கும் செய்தார்கள். பாட்டும் பலகாரமும் சிரிப்பும் ஊர் முழுக்க. பிள்ளைத்தாச்சி நம் வீட்டு மரத்தில் வந்து தங்கியிருக்கிறாள், அவளைத் துரத்துவோமா? இந்தக் கேள்விக்கு முன்னால் 'அபசகுனம்' என்ற பேச்சு எடுபடவில்லை.

3. மரத்துக்காரருக்கு மரியாதை செய்தார்கள். கூடு இருக்கும் மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவரை ஊர் நடுவே அழைத்துப் பாராட்டினார்கள். கேலிக்கு ஆளான வீடு பெருமைக்குரிய வீடானது.

4. தொழிலோடு சேர்த்தார்கள். அசாம் பெண்களுக்குத் தறி கைவந்த கலை. அவர்களுக்குத் தறியும் நூலும் கிடைக்க ஏற்பாடு ஆனது. சேலையிலும் துண்டிலும் ஹர்கிலா உருவத்தை நெய்து விற்கிறார்கள். பறவையால் வீட்டுக்கு வருமானம் வந்தது.

5. குஞ்சுகளுக்குப் பாதுகாப்பு செய்தார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு அடிபடாமல் இருக்க மரத்தடியில் வலை கட்டினார்கள். 2017ல் உயரமான மூங்கில் மேடைகள் அமைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மேடையிலும் குஞ்சு பொரித்தது. கூட்டு மரங்கள் பக்கமும் நீர்நிலை ஓரமும் 2022 வரை 45,000 மரக்கன்றுகள் நட்டார்கள்.

பலன் என்ன?

இந்தப் பெண்கள் கூட்டத்துக்கு 'ஹர்கிலா படை' என்று பெயர். 2022லேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். தாதரா, பசரியா, சிங்கிமாரி கிராமங்களில் வேலை தொடங்கியபோது இருந்தது 28 கூடு. 2022ல் 250ஐத் தாண்டியது. அதே வருஷம் பூர்ணிமா தேவிக்கு ஐ.நா.வின் 'பூமியின் சாம்பியன்' விருது கிடைத்தது. 2023ல் உலக அளவிலான சிவப்புப் பட்டியலில் ஹர்கிலா 'அழியும் ஆபத்தில் உள்ளது' என்ற நிலையிலிருந்து இரண்டு படி மேலே வந்து 'ஆபத்தை நெருங்கியது' என்ற நிலைக்கு மாறியது.

வேலை முடிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நீர்நிலைகள் சுருங்கியதால் இந்தப் பறவைகள் நகரக் குப்பைமேட்டில் இரை தேடுகின்றன. மரத்தோடு ஏரியும் குளமும் பிழைத்தால்தான் பறவை பிழைக்கும்.

நம்ம ஊர்ப் பக்கம்

இது நமக்குப் புதுசும் அல்ல. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் அங்கேயும் உண்டு. ஆனாலும் ஊர் மக்கள் பறவையைத் துரத்துவதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஊர்களில் கண்மாய்ப் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசு கேட்டு அழும் பிள்ளைக்குச் சமாதானம் சொல்வது அந்த ஊர்த் தாய்மார்கள்தானே? அதுவும் ஒரு தியாகம்தான்.

பாடத்தின் சாரம் இதுதான்: ஒரு உயிரைக் காப்பாற்றுவதால் வரும் நஷ்டத்தை ஒரே வீட்டின் தலையில் கட்டினால் அந்த உயிர் பிழைக்காது. நஷ்டத்தையும் பெருமையையும் ஊரே பங்கு போட்டுக்கொண்டால் பிழைக்கும். குழுவில் ஒரு உறுப்பினர் கடன் கட்ட முடியாமல் தவிக்கும்போது நாம் செய்வதும் இதுதானே? அவளைத் தனியாக விடாமல் சேர்ந்து தாங்குகிறோம். இதுதான் பறவைக்கும் குழுவுக்கும் உள்ள சம்பந்தம்.

கூட்டத்தில் பேசுவோம்

* நம் ஊரில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன பறவை, மிருகம் எது? குழுவில் மூத்தவர்களைக் கேளுங்கள்.
* நம் ஊரில் கூடு உள்ள மரம் எந்த வீட்டில் இருக்கிறது? அந்த வீட்டாருக்கு என்ன தொந்தரவு? போய்க் கேட்டு வாருங்கள்.
* அந்தத் தொந்தரவில் குழு எதைப் பங்கு போட்டுக்கொள்ள முடியும்? முற்றம் கூட்டிக் கொடுக்கலாமா? அடுத்த கிராம சபையில் அவர்களைப் பாராட்டச் சொல்லலாமா?
* கண்மாயில் குப்பை கொட்டுவதை நிறுத்த ஒரு தீர்மானம் போடலாமா?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் குழுப் பிரதிநிதியிடம் கொடுத்தனுப்புங்கள். மற்ற ஊர்க் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும்.