பாரம் இறக்கும் பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பாரத்தை ஏற்றுவதுதான் கடினம், இறக்குவது எளிது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஏற்றும்போது நம் வலிமை போதாவிட்டால் பொருள் நகராமல் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கும்போது வலிமை போதாவிட்டால் பொருள் நிற்காது. நாம்தான் அதன் வழியில் நின்றுகொண்டிருப்போம்.

என் தந்தையார் செம்பட்டியில் சுமை தூக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை ஆகிய ஊர்களின் சாலைகள் கூடுமிடம் எங்கள் ஊர். ஆகவே சாலையோரம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. டிராக்டர் பாகமும் மோட்டார் பம்பின் தண்டும் அங்கேதான் கடைந்து சீர்செய்யப்படுகின்றன. கடந்த விடுமுறையில் அப்படியொரு பட்டறைக்குக் கோவையிலிருந்து பழைய லேத் ஒன்று பிக்கப் வண்டியில் வந்தது. ஆறடி நீளம்; எடை சுமார் 800 கிலோ. தந்தையாரும் அவர் குழுவினரும் அதை இறக்கிய முறையை அருகிலிருந்து கண்டேன். நம் வகுப்பறையில் படிக்கும் நிலையியல் முழுவதும் அங்கே இருந்தது.

முதலில் ஒரு சிறு கணக்கு. வண்டித் தளத்தின் உயரம் 75 செ.மீ. என்று கொள்வோம். அவ்வுயரத்தில் 800 கிலோ பொருளுக்குள்ள நிலையாற்றல் 5,880 ஜூல். அறுபது கிலோ எடையுள்ள மனிதர் ஒருவர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். அந்த ஆற்றலை நாம் விரும்பும் வேகத்தில், நாம் விரும்பும் வழியில் செலவழிக்கச் செய்வதே இறக்குதல் என்பதன் பொருள். தோள்வலிமைக்கு இங்கே வேலை குறைவு. 1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்கிறது. அப்படியானால் இந்த லேத்துக்குப் பதினைந்து பேர் வேண்டும். ஆறடி நீள எந்திரத்தைச் சுற்றிப் பதினைந்து பேர் எங்கே நிற்பது? நின்றாலும் ஒருவர் கை வழுக்கினால் மற்றப் பதினான்கு பேரின் கதி என்ன?

அடுத்தது ஈர்ப்பு மையம். லேத்தின் இடப்பக்கத்தில் ஹெட்ஸ்டாக் இருக்கிறது. பெரும்பாலும் மோட்டாரும் அப்பக்கமே. ஆகவே பாரம் நடுவில் இல்லை. சக்கைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் வலக்கோடிக்குத் தள்ளி இறுக்கிவிட்டால் ஓரளவு சமன்படும். இதைவிட முக்கியமானது அகலம். முன்கால் விளிம்புக்கும் பின்கால் விளிம்புக்கும் இடையே 45 செ.மீ. இருக்கிறது, ஈர்ப்பு மையம் 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் கவிழும் கோணத்தின் டேன் கிடைக்கும். விடை சுமார் 18 பாகை. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, எந்திரமும் சற்றே ஆடினால் அந்தக் கோணம் தொலைவில் இல்லை. அதனால்தான் கால்களுக்கு அடியில் குறுக்காக, இருபுறமும் நீண்டு நிற்கும்படி கனத்த கட்டைகளை வைத்துப் போல்ட் போட்டு இறுக்குகிறார்கள். கட்டையின் நீளம் 90 செ.மீ. ஆனால் கவிழும் கோணம் 33 பாகையாகிறது. இதைச் செய்ய அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணியை மிச்சப்படுத்த நினைத்த ஓரிடத்தில்தான், சில ஆண்டுகளுக்கு முன் தந்தையாரின் கூட்டாளி ஒருவர் கணுக்காலுக்குக் கீழே இழந்தார். எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இன்று டீக்கடை நடத்துகிறார்.

வண்டியையும் நம்பக் கூடாது. அதன் அடியில் பட்டைவில்கள் உள்ளன. பாரம் பின்விளிம்புக்கு நகரும்போது தளம் தாழும். பாரம் விலகியதும் துள்ளி உயரும். அந்தத் துள்ளலில் சாய்பலகையின் மேல்முனை நழுவிவிடும். ஆகவே பாரத்தைத் தொடுமுன்பே பின்புறச் சேசிஸுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கி முட்டுக் கொடுத்து, சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, பலகையைத் தளத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். பலகை நடுவில் வளையாதிருக்க அங்கும் ஒரு முட்டு.

இனிச் சாய்தளம். மூன்று மீட்டர் பலகை போட்டால் சைன் மதிப்பு 0.25. ஆகவே பாரத்தைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 200 கிலோ. மரத்தின்மேல் மரம் உராயும்போது உராய்வுக் குணகம் 0.3 என்று கொண்டால், தடுக்கும் விசை 232 கிலோ. அதாவது பாரம் தானாக இறங்காது. நாமாகத் தள்ளினால்தான் இறங்கும். இதுவன்றோ நமக்கு வேண்டியது! பலகையைப் பாதியாகக் குறைத்து ஒன்றரை மீட்டர் ஆக்கிப் பாருங்கள். இழுக்கும் விசை 400 கிலோ, தடுப்பது 208 கிலோ மட்டுமே. இடமில்லை என்று குட்டைப் பலகை போடுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

குழாய்களை உருளையாகப் போட்டால் இன்னும் எளிதாயிற்றே என்று தந்தையாரிடம் கேட்டேன்.

"உருளை சமதரைக்குத்தான் தம்பி. சரிவுலே உருளை போட்டா அது நம்ம பேச்சைக் கேக்காது" என்றார்.

உருளும் உராய்வு மிகச் சிறியது. 200 கிலோவும் அப்படியே பாயும். பட்டறைப் பலகைத் துண்டு இரண்டை நம் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து சாய்தளத்தில் அளந்தேன். உலர்ந்திருந்தபோது குணகம் 0.36, எண்ணெய் தடவியபோது 0.12. விவரத்தை வீட்டில் சொன்னபோது, "அதுக்குத்தானே எண்ணெய்ப் பலகையிலே சாம்பலைக் கொட்டித் துடைக்கிறோம்" என்று பதில் வந்தது.

உராய்வு ஒன்றை மட்டும் நம்பி இருப்பதில்லை. பாரத்தின் பின்னே ஒரு கயிறு கட்டி, அதை வண்டியின் முன்பக்கத்தில் சேசிஸோடு இணைந்த உறுதியான குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்கிறார். இதன் கணக்கு ஆய்லர் பெயரால் வழங்குகிறது. கயிற்றின் குணகம் 0.25 ஆனால், ஒரு சுற்றில் நாம் பிடிக்க வேண்டிய விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். இரண்டு சுற்றில் இருபத்து மூன்றில் ஒரு பங்கு. 200 கிலோவை 9 கிலோ விசையால் நிறுத்தலாம். மூன்றாவது சுற்றுக்கு 2 கிலோகூட வேண்டாம். குழாய் பருமனாயினும் மெலிதாயினும் விடை மாறாது என்பது இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊரில் ஆய்லரை எவரும் அறியார். ஆனால் ஒரு சுற்றோடு கயிற்றைப் பிடிப்பவரை உடனே அதட்டுவார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்பவரை அடிக்கவே போவார்கள்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று நினைவு வரும். 96 அடி உயரமுள்ள அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் அமைத்துக் கொடுத்த பின்னும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் உடன் நடக்கிறார்கள். எங்கள் சாய்பலகையிலும் ஒருவர் பக்கவாட்டில் நின்று, பாரம் ஒரு சாண் நகர்ந்ததும் அதன்முன் ஆப்பைத் தள்ளிக்கொண்டே வருவார். ஆப்பைக் கையால் வைப்பதில்லை. நீண்ட கழியால் தள்ளுகிறார். பாரத்துக்குக் கீழ்ப்புறம் ஒருவரும் நிற்கக் கூடாது. சரியத் தொடங்கினால் பிடிக்க ஓடக் கூடாது, விலகி ஓட வேண்டும். பட்டறைக்காரரே முன்னால் வந்து நின்றபோது, "அண்ணே, நீங்க நகர்ந்தாத்தான் நாங்க கயிறை விடுவோம்" என்று வேலையை நிறுத்திவிட்டார்கள்.

இடமிருந்தால் ஹைட்ரா கிரேன் நல்லது. இந்தப் பட்டறைக்கு மேலே மின்கம்பிகள் சென்றதால் அது கூடவில்லை. மூன்றுகால் நிறுத்திச் செயின் பிளாக்கில் தூக்கும் முறையும் உண்டு. அதில் கால்கள் விரியாதபடி அடியில் சங்கிலியால் பிணைக்க வேண்டும். பெல்ட்டை லேத்தின் பெட்டுக்கு அடியில் கொடுக்க வேண்டும். லீட் ஸ்குரூவில் பட்டால் அது வளைந்து எந்திரமே பயனற்றுப் போகும். பெல்ட்டின் இரு கைகளும் கிடைமட்டத்துக்கு 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றும் தாங்குவது 462 கிலோ. 30 பாகையாகத் தாழ்ந்தால் ஒவ்வொன்றுமே 800 கிலோ தாங்க வேண்டும்! ஒரு அங்குலம் தூக்கி, எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்து, மீண்டும் இறக்கிப் பெல்ட்டை நகர்த்திக் கட்டுகிறார்கள். வண்டி மெல்ல வெளியேறியதும் அடியில் கட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு கட்டையாக உருவிக்கொண்டே தாழ்த்துகிறார்கள். கட்டையின் கனம் 5 செ.மீ. என்றால், சங்கிலி அறுந்தாலும் பாரம் விழக்கூடிய உயரம் அந்த 5 செ.மீ. மட்டுமே. 5,880 ஜூல் என்ற பூதம் 392 ஜூலாகச் சுருங்குகிறது. எனக்கு இந்த முறைதான் மிகவும் பிடித்தது. நேரம் அதிகமாகும் என்பதால் பட்டறைக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை.

தரைக்கு வந்த பிறகு வேலை எளிது. சமதளத்தில் குழாய் உருளைகளின் மேல் இருவர் கடப்பாரையால் நெம்பியே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பின்னால் விடுபடும் உருளையை எடுத்து முன்னால் போடுபவர், விரல்களைக் குழாயின் உள்ளே விடாமல் மேலே பிடிக்க வேண்டும். குறித்த இடத்தில் நிறுத்தி, மட்டம் பார்த்து, அஸ்திவாரப் போல்ட்டுகளை இறுக்கினார்கள். குறுக்குக் கட்டைகளை அதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகத்தான் கழற்றினார்கள்.