50, 72: கமிட் செய்தியில் இந்தக் கணக்கு எதற்கு?

கேள்வி: புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கிட்டில் போடும் கமிட் செய்தியின் தலைப்பு 50 எழுத்துக்குள்ளும், விளக்கம் வரிக்கு 72 எழுத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று சீனியர் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுகிறார். மானிட்டர்கள் இவ்வளவு அகலமாகிவிட்ட காலத்தில் இது வெறும் சடங்குதானே சார்?

பதில்: சடங்கு இல்லை, சட்டமும் இல்லை. 200 எழுத்தில் தலைப்பு வைத்தாலும் கிட் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்ளும். சிக்கல் பிறகு படிக்கும்போதுதான் வரும்.

முதலில் 72. 'கிட் லாக்' நம் வரிகளை மடக்கித் தராது. இடப்பக்கம் 4 இடம் விட்டு அப்படியே காட்டும். டெர்மினலின் வழக்கமான அகலம் 80. வலப்பக்கமும் 4 விட்டால் மிச்சம் 72. ஒரே நீள வரியாக எழுதினால், திரையின் ஓரத்தில் சொல் பாதியில் உடைந்து, மீதி அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். திரையை இரண்டாகப் பிரித்து வேலை செய்பவர்களுக்கு அகலமான மானிட்டரிலும் இதே கதிதான்.

50 என்பது கிட் ஆவணமே சொல்லும் பரிந்துரை. 2008-ல் டிம் போப் எழுதிய குறிப்பு 50/72 வழக்கத்தைப் பரவலாக்கியது. ஆனால் லினக்ஸ் கெர்னல் குழு தலைப்புக்கு 70-75 எழுத்து வரை இடம் தருகிறது. கிட்ஹப் 72-ஐத் தாண்டினால் வெட்டிவிடும். எனவே 50-ஐ இலக்காகவும் 72-ஐ எல்லையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 'பிழை திருத்தம்' என்பது சின்னத் தலைப்புதான், ஆனால் யாருக்கும் பயனில்லை. 'கடவுச்சொல் காலியாக இருந்தால் லாகினைத் தடு' என்று ஏவலாக எழுதினால் என்ன மாற்றம் என்று உடனே தெரியும்.

இந்த எண்களைவிட முக்கியமானது, தலைப்புக்கும் விளக்கத்துக்கும் நடுவே விடும் காலி வரி. முதல் காலி வரி வரை இருப்பதையெல்லாம் கிட் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அதை விடாவிட்டால், 'ஒன்லைன்' பட்டியலில் உங்கள் விளக்கமும் தலைப்போடு சேர்ந்து ஒரே நீளமாக ஓடும். பேட்ச்சை மின்னஞ்சலில் அனுப்பினால் அத்தனையும் சப்ஜெக்ட் வரியில் போய் உட்காரும்.

இன்னொரு பொறி: எடிட்டரில் எழுதும்போது # குறியில் தொடங்கும் வரியைக் கிட் குறிப்பு என்று நினைத்து நீக்கிவிடும். வரியை மடக்கும்போது '#412' என்ற இஷ்யூ எண் வரித் தொடக்கத்துக்கு வந்தால் அந்த வரியே காணாமல் போகும். 'இஷ்யூ #412' என்று ஒன்றாக வைத்து எழுதுங்கள்.

எழுத்துகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். விம் எடிட்டர் கமிட் செய்தியைத் தானாகவே 72-ல் மடக்கும். வி.எஸ். கோடிலும் எச்சரிக்கை அமைப்பு உண்டு. எர்ரர் லாக், இணைய முகவரி ஆகியவற்றை மட்டும் உடைக்காதீர்கள். உடைத்தால் தேடும்போது கிடைக்காது.

53 எழுத்துத் தலைப்புக்காக உங்கள் சீனியர் திருப்பி அனுப்பினால் அது அதிகப்படி. காலி வரி இல்லை என்று திருப்பி அனுப்பினால் நியாயம் அவர் பக்கம்.