மூன்று பொறுப்புகளும் ஒரு நியமமும்

சென்ற ஆண்டு மார்கழியில், ஒரே வாரத்துக்குள், எங்கள் வீட்டுக்கு இரண்டு வரவுகள் நேர்ந்தன. ஆறு வருஷங்களாக இரவு நேரங்களில் எழுதித் திருத்தி, பதிப்பாளர் எவரையும் நாடாமல் என் சொந்தப் பொறுப்பிலேயே அச்சிட்ட நாவலின் 300 பிரதிகள் ஒரு சிறிய வண்டியில் வந்து இறங்கின; அதற்கு நான்காம் நாள், திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, ஐம்பது நாள் நிரம்பிய நாட்டு நாய்க்குட்டி ஒன்றை, என் மகள் பல மாதங்களாகக் கேட்டு வந்ததற்கு இணங்கி, பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தோம். நிறத்தைக் கொண்டு செவலை என்ற பெயர் அதற்குத் தானாகவே அமைந்தது. நானோ கும்பகோணத்தில் ஒரு தணிக்கையாளரிடம் கணக்கெழுதும் உத்தியோகத்தில் இருப்பவன். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் வரிப் படிவம் என்று வியாபாரிகளின் ஜி.எஸ்.டி. கணக்குகளை முடித்துக் கொடுப்பது என் ஜீவனம். புத்தகம், உத்தியோகம், குட்டி ஆகிய இம்மூன்றையும் ஒரு வருஷம் சேர்த்துச் சுமந்ததில் நான் அறிந்தவற்றை, இத்தகைய காரியத்தில் இறங்க எண்ணும் அன்பர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சொந்தப் பிரசுரம் என்பது இக்காலத்தில் முளைத்த புது வழக்கம் என்று கருதுவோர் உண்டு. நான் தினமும் அலுவலகத்துக்குப் போகும்போது காவிரிக் கரையில் கடந்து செல்லும் அரசுக் கல்லூரியில்தான், 1880இல் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், பகலில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே, ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி, அச்சுச் செலவுக்காக அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்று, விடுமுறை வந்தால் சென்னைக்குச் சென்று அச்சுத் தாள்களைத் திருத்தி, 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். உத்தியோகத்தை விடாமல் ஒரு நூலை உலகுக்கு அளிப்பது எத்தகைய பிரயாசை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சியாக இருக்கையில், என் சிறிய முயற்சியைப் பெரிய சிரமமென்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவரிடமிருந்தே முதற்பாடத்தையும் எடுத்துக்கொண்டேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பாகவே, தெரிந்தவர்களுக்கும் அவர்கள் மூலம் தெரிந்தவர்களுக்கும் தனித்தனியே எழுதி, 300 ரூபாய்ப் புத்தகத்தை 220 ரூபாய்க்கு முன்பதிவு செய்துகொள்ளலாம் என்று தெரிவித்தேன். 84 பேர் பணம் அனுப்பினார்கள். அச்சுக் கூலியில் பாதிக்கு மேல் அதிலேயே தேறியது. அதைவிட முக்கியமாக, புத்தகம் வெளிவரும் முன்பே அதை எதிர்பார்த்திருக்கும் 84 வாசகர்கள் எனக்குக் கிடைத்தார்கள்.

செலவுக் கணக்கை ஒளிவின்றிச் சொல்லுகிறேன். ஏனென்றால் இதை யாரும் எனக்கு முன்னதாகச் சொல்லவில்லை. என் நாவல் டெம்மி அளவில் 256 பக்கம், அதாவது 16 பாரம். 300 பிரதிகள் அச்சிட்டதில் ஒரு பிரதிக்கு 120 ரூபாய் ஆயிற்று. கடைக்காரருக்குக் கழிவு 40 சதவீதம் கொடுத்தால் அதுவும் 120 ரூபாய். மிச்சம் 60 ரூபாய்தான். நேரே வாசகருக்கு அனுப்பினால், தபாலும் பொட்டலம் கட்டும் செலவும் 50 ரூபாய் போக, 130 ரூபாய் நிற்கிறது. ஆகவே, கடைகளை ஒதுக்காமலும் கடைகளையே நம்பியிராமலும், பாதிக்கு மேற்பட்ட பிரதிகள் நேரிடையாகச் செல்லும்படி ஏற்பாடு செய்துகொள்வது எழுத்தாளனுக்கு அவசியம். சட்டத்தை ஒட்டிய கடமைகளும் உண்டு. நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரால் அமைந்த தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது; அதற்கென்று இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலான நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி நம் செலவிலேயே அனுப்ப வேண்டும். நம் காலத்துக்குப் பின்னும் அந்நூல் ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும் என்ற திருப்தியை உத்தேசித்தால் இச்செலவு ஒரு செலவே அன்று.

இனி, விற்பனை. முதல் இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் பிழை. காலையில் கண் விழித்ததும், அலுவலகத்தில் தேநீர் குடிக்கும்போதும், இரவு படுக்கும்போதும் முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அட்டைப் படத்தைப் போட்டு, யார் பார்த்தார்கள், யார் பதில் எழுதினார்கள் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன். மனம் ஓய்ந்ததே தவிர, அந்த இரண்டு வாரத்தில் விற்றவை ஐந்து பிரதிகள். என் கதை நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளில் நடப்பது. காவிரி வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளையை உருக்கி வார்க்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சொல்வது. கதை பிறந்த ஊர் 10 கிலோமீட்டரில் இருக்க, முகமறியாதவர்களை நோக்கிக் கூவிக்கொண்டிருக்கிறோமே என்ற எண்ணம் ஒரு நாள் தோன்றவும், ஞாயிற்றுக்கிழமை ஒரு பையில் பத்துப் பிரதிகளை எடுத்துக்கொண்டு அவ்வூர் விளக்குக் கடைகளுக்குச் சென்றேன். முதிய கடைக்காரர் ஒருவர் முதல் அத்தியாயத்தை நின்றபடியே படித்தார்; பிறகு உட்கார்ந்து படித்தார்; பிறகு, விளக்கின் முகட்டில் நிற்கும் அன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தம் மகனைக் கூப்பிட்டு, "நம்ம பட்டறையைத்தான் எழுதியிருக்காரு, பாரு" என்றார். "ஐயா, ரெண்டு புஸ்தகம் இங்கே வெச்சுட்டுப் போங்க. விளக்கு வாங்க வர்றவங்க கண்ணிலே படட்டும்" என்று அவர் சொன்னதுதான் என் நூலின் உண்மையான வெளியீட்டு விழா என்று நினைக்கிறேன். அந்த ஒரு கடையில் மட்டும் இதுவரை 37 பிரதிகள் விற்றிருக்கின்றன. உங்கள் நூல் எந்தத் தொழிலை, எந்த ஊரை, எந்தத் துயரத்தைப் பற்றியதோ, அதனோடு வாழ்பவர்களிடம் முதலில் அதைக் கொண்டு செல்லுங்கள் என்பதே இவ்விஷயத்தில் என் துணிபு.

குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு மாதக் குட்டி ஒரு நாளில் ஏறக்குறைய 18 மணி நேரம் தூங்குகிறது. எஞ்சிய நேரத்தில் நான்கு வேளை தின்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்கும் சக்தி அதற்கு இல்லை. தூங்கி எழுந்த உடனேயும் தின்று முடித்த உடனேயும் ஒரே இடத்துக்கு எடுத்துச் சென்று, காரியம் முடிந்ததும் தட்டிக் கொடுத்தால் சில வாரத்தில் பழகிவிடும். அடித்தாலோ அதட்டினாலோ ஒளிந்து செய்யக் கற்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். பார்வோ என்னும் கொடிய நோய்க்கு அஞ்சி, ஊசிகள் முடியும் வரையில் தெருமண்ணில் விடாமல் இருப்பது நன்று. பல் முளைக்கும் மாதங்களில், முடிச்சிட்ட துணியை நனைத்துக் குளிரவைத்துக் கொடுத்தால் ஈறின் தினவு அடங்கும். இவற்றையெல்லாம் மருத்துவர் சொல்லக் கேட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுதி வைப்பது வேறு, கண் வைப்பது வேறு என்பதை ஜனவரி 19ஆம் தேதி இரவு உணர்ந்தேன்.

அதற்கு முந்திய வாரம் இரண்டு நாள் விடுப்பில் சென்னைப் புத்தகக் காட்சிக்குச் சென்று, ஒரு விற்பனையாளரின் கடையில் பிரதிகளை வைத்துவிட்டு வந்திருந்தேன். அங்கே நூலைக் கண்டவர்கள் சிலர் கையெழுத்திட்ட பிரதி வேண்டுமென்று எழுத, மறுநாள் வரிப் படிவங்களுக்குக் கடைசி நாள் என்பதால் இரவே அனுப்பி முடித்துவிடலாம் என்று, பதினொரு மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். கட்டுகளுக்குப் போடும் பிளாஸ்டிக் பட்டையின் துண்டுகள் தரையில் கிடந்தன. பெருக்கிவிட்டுப் படுக்க வேண்டும் என்று நினைத்தவன், கைப்பேசியில் வந்த ஒரு பாராட்டுக்குப் பதில் எழுதிக்கொண்டே எழுந்து போய்விட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா என்னை எழுப்பினாள். செவலை மூலையில் முதுகை வளைத்து நின்று, நுரை நுரையாகக் கக்கிக்கொண்டிருந்தது. கக்கியதில் விரல் நீளத்துக்கு மஞ்சள் பட்டை ஒன்று கிடந்தது. இன்னும் எத்தனை துண்டு உள்ளே போயிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. என் முதலாளியிடம் அரை நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, அதைத் தோளில் போட்டபடி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். மருத்துவர் வயிற்றைத் தடவிப் பார்த்து, குடலில் அடைப்பு ஏற்பட்டால் அறுவைச் சிகிச்சையே செய்ய நேரும் என்றும், ஒரு நாள் கவனிப்போம் என்றும் சொன்னார். மறுநாள் காலை எஞ்சிய இரண்டு துண்டுகளும் மலத்தோடு வெளியேறின. வரிப் படிவங்களை, மருத்துவமனைக்கு ஓடிய அன்றிரவே பத்து மணி வரை இருந்து முடித்திருந்தேன். என் கையால் ஒரு சிறு ஜீவன் போயிருக்கும் என்ற நினைவு இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

அன்றிரவு அம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சாதம் போட்டுக்கொண்டே, "குழந்தைக்கும் குட்டிக்கும் வேளை தப்பக் கூடாது, தம்பி. உன் புஸ்தகத்துக்கும் அப்படித்தான் ஒரு வேளை வெச்சுக்கோயேன், எந்நேரமும் அதையே பார்த்தா எதையும் பார்க்க முடியாது" என்றாள். ஒரு வருஷ அனுபவத்தின் சாரம் முழுவதும் அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. மூன்று பொறுப்புகளும் என்னிடம் கேட்டது நிறைய நேரத்தை அன்று, தவறாத நேரத்தை.

அதன் பிறகு அமைத்துக்கொண்ட நியமம் இது. காலை 4.45க்கு எழுந்து செவலையை வாசலுக்குக் கொண்டு போவேன். அது திரும்பி வந்து என் காலடியில் சுருண்டு படுக்கும் ஒரு மணி நேரத்தில் அடுத்த நாவலை எழுதுவேன். அந்நேரத்தில் கைப்பேசியைத் தொடுவதில்லை. புத்தகத்தின் விளம்பரத்துக்கு இரவு எட்டு முதல் எட்டரை வரை. அந்த அரை மணியில் இரண்டு பேருக்குத் தனிக்கடிதம், வந்த கடிதங்களுக்குப் பதில், அவ்வளவே. பொட்டலம் கட்டுவது புதன்கிழமையும் சனிக்கிழமையும் மட்டும், மேஜை மேல், கதவைச் சாத்திக்கொண்டு. கடைசித் துண்டுப் பட்டையைக் குப்பையில் போட்ட பிறகே எழுந்திருப்பது. மாதத்தில் 5 முதல் 20ஆம் தேதி வரை வெளியூர்க் கூட்டம் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. நூலகங்களுக்கும் வாசகர் வட்டங்களுக்கும் கடைசிப் பத்து நாளில்தான் போவது. இதனால் நல்ல அழைப்புகள் மூன்றை இழந்தேன். பகலில் குட்டிக்கு மூன்று வேளை வைப்பது அம்மாவின் பொறுப்பு, மாலையில் விளையாட்டு மகளுடையது என்று வகுத்து, அதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினோம். ஒருவனே எல்லாவற்றையும் செய்து முடிப்பேன் என்று எண்ணியதுதான் முதல் மாதத்தின் பெரும் பிழை.

இப்பொழுது மீண்டும் மார்கழி. 300 பிரதிகளில் 251 விற்றிருக்கின்றன. நூலகங்களுக்கும் மதிப்புரைக்கும் 19 சென்றன. 30 பிரதிகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. போட்ட முதல் திரும்பிவிட்டது. லாபம் என்று சொல்லத்தக்கது ஒரு மாதச் சம்பளத்துக்கும் குறைவே. இந்த வழியில் வர விரும்பும் அன்பரே, அச்சகத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாக, வீட்டாரை உட்காரவைத்து, உங்கள் நாளில் எந்த அரை மணி நேரம் நூலுக்கு உரியது, எது உங்களை நம்பியிருக்கும் ஜீவன்களுக்கு உரியது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவு செய்ததை ஒரு மாதம் தவறாமல் நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.