லொறியின் பட்டை ஸ்பிரிங்குக்கு எந்தப் போல்ட்டு?

1880 ஆம் ஆண்டில் கண்டியிலிருந்து வந்த இருப்புப்பாதை மாத்தளையோடு நின்றுவிட்டமையால், அதற்கப்பால் தம்புள்ளைச் சந்தையில் குவியும் மரக்கறியும், எல்கடுவை மலைத் தோட்டங்களில் கிள்ளிய கொழுந்தும் வீதியையே நம்பியிருக்கின்றன. அந்த வீதியிலே லொறியின் பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கை அச்சோடு பிணைத்து வைத்திருப்பவை அச்சொன்றுக்கு நான்காக அமைந்த யூ போல்ட்டுகள். இத்தனை பாரம் தங்கியிருக்கும் இடத்தில் எதைக் கழற்றி மறுபடி பூட்டலாம், எதை எறிந்துவிட்டுப் புதியது வாங்கவேண்டும் என்பதை, என் கராஜுக்குத் தொழில் பழக வரும் பிள்ளைகள் தாமே ஆலோசித்துத் தீர்மானிப்பதை நான் அபூர்வமாகவே காண்கிறேன். லொறி வைத்திருக்கும் தகப்பனார், "பழையதையே போடு மகன், காசு மிச்சம்" என்றால் பழையதைப் போடுகிறார்கள். அடுத்த கராஜில் 12.9 என்று முத்திரை குத்திய போல்ட்டுக்கு மவுசு வந்தால் அதை வாங்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அவர்களை உத்தேசித்தே இதை எழுதுகிறேன்.

பழையதைப் பூட்டுவதை நான் அடியோடு நிந்திக்கமாட்டேன். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் நாட்டில் டொலருக்கே பஞ்சம் வந்த காலத்தில், பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்தும் வேண்டிய உருப்படி அகப்படாமல், கழற்றியதையே துடைத்துப் பூட்டியவர்களில் நானும் ஒருவன். சட்டத்தில் ஸ்பிரிங் தாங்கியைப் பிடிக்கும் போல்ட்டு, புரியில் நட்டு விரலாலேயே கடைசிவரை ஓடுமானால், துருப்பள்ளம் இன்றி, நடுவில் மெலியாமல், புதியதொன்றின் அருகே வைத்துப் பார்க்கையில் நீளமும் சரியாக இருக்குமானால், தாராளமாகத் திரும்பப் பூட்டலாம். ஷெக்கிள் பின்னையும் நகத்தால் தடவிப் பார்த்துப் படி விழவில்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். யூ போல்ட்டும் அதன் நட்டுகளும், சென்டர் போல்ட்டும், நைலோன் வளையம் வைத்த பூட்டு நட்டும், ஸ்பிளிட் பின்னும் அப்படியல்ல. ஒருமுறை கழற்றினால் அவற்றின் ஆயுள் முடிந்ததென்றே கொள்ளவேண்டும். யூ போல்ட்டு என்பது இறுக்கும்போது தானும் சற்றே நீண்டு, ஸ்பிரிங்போல இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் உருப்படி. ஸ்பனரைப் பற்றி நாம் செலுத்தும் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அந்த இழுவிசையாக மாறுகிறது, மிகுதி முழுவதும் உராய்வில் கழிகிறது. துருவேறிய பழைய புரி அந்த ஒரு பங்கிலும் கை வைத்துவிடுமாகையால், டோர்க் ரென்ச் சரியான அளவைக் காட்டும்போதே பட்டை தளர்ந்து கிடக்கும். அப்படித் தளர்ந்தால் பாரம் முழுவதையும் அதற்கென்று படைக்கப்படாத சென்டர் போல்ட்டு ஏற்று அறுந்துபோகும், அல்லது அது நுழையும் துவாரத்தருகே பட்டை முறியும். ரிவஸ்டன் வீதியின் வளைவொன்றில் அச்சு பின்னே நகர்ந்த லொறியைச் சாரதி எப்படித் திருப்புவான்?

ஆயினும் இன்று நம் பிள்ளைகளை அதிகம் மயக்குவது பழையதன் மலிவு அல்ல, புதியதன் கடினம். எண் பெரிதானால் பலமும் பெரிது, பலம் பெரிதானால் பாதுகாப்பும் பெரிது என்பது அவர்களுடைய சித்தாந்தம். 8.8 என்ற முத்திரைக்குச் சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூட்டன் அறுபலம் என்றும், அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்றும் பொருள், 12.9 என்றால் 1200, பத்தில் ஒன்பது. கணக்கு மெய்தான். ஆனால் உற்பத்தியாளர் குறித்த அளவுக்கே இறுக்கினால் இரண்டும் தரும் பிடி ஒன்றே. அதற்கு மேல் இறுக்கினாலோ பழைய நட்டின் புரி வழித்துக்கொண்டு போகும். இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. கடினமான உருக்கை அமிலத்தில் கழுவி மின்முலாம் பூசும்போது ஐதரசன் உள்ளே புகுந்து தங்கிவிடுமானால், இறுக்கிச் சில மணி நேரமோ சில நாளோ கழிந்தபின் யாதொரு முன்னறிகுறியுமின்றி அது முறியும்.

என் கராஜிலேயே இதைக் கண்டேன். பையன் ஒருவன் வெள்ளிபோல் மின்னும் 12.9 போல்ட்டைத் தாங்கியில் பூட்டிவிட்டுச் சந்தோஷமாக வீடு சென்றான். மறுநாட் காலை, லொறி நின்ற இடத்தைவிட்டு ஓர் அங்குலமும் அசையாதிருக்க, போல்ட்டின் தலை மட்டும் சீமெந்துத் தரையில் கிடந்தது. அதை இன்றும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் புதிய பாலத்திலும் 2013 மார்ச்சில், நாகமுலாம் பூசிய உயர்பல உருக்குக் கோல்கள் 96 இல் 32 இறுக்கிய சில நாட்களுக்குள் இவ்விதமே முறிந்தன என்றால், கடையில் பெயர் தெரியாத பெட்டியிலிருந்து எடுத்த போல்ட்டைப்பற்றி நாம் என்ன உத்தரவாதம் சொல்லமுடியும்? தலையில் குத்திய முத்திரையும் முற்றான சாட்சியன்று. போலி முத்திரை போல்ட்டுகள் மலிந்தபடியால் அமெரிக்கா 1990 இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

ஆகவே கழற்றியது எந்தத் தரமோ அதே தரம், அதே நீளம், அதே புரி என்பதே என் பக்ஷம். புரியிலும் மோசம்போக இடமுண்டு: பெட்போர்ட் லொறிகளில் நான் தொழில் பழகிய காலத்தின் அரை அங்குல விட்வேர்த் போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 12 புரி, அமெரிக்க அரை அங்குலத்துக்கு 13, ஜப்பானிய லொறியின் 12 மில்லிமீற்றர் போல்ட்டு பெரும்பாலும் 1.25 புரி, கடைக்காரர் நீட்டுவதோ பல சமயம் 1.75. கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவற்றை எயார் கன் பிடித்து ஏற்றுகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால்தான் முதல் ஐந்து சுற்றையும் விரலால் ஓட்டும்படி நான் வற்புறுத்துகிறேன். கம்பியை உலையில் காய்ச்சி வளைத்துக் கொடுக்கும் யூ போல்ட்டை நான் வாங்குவதே இல்லை. காய்ச்சிய இடத்தில் உருக்கின் பதம் போய்விடுகிறது.

இந்தத் தொழிலுக்குக் கைப்பலம் வேண்டுமென்று எண்ணி வருகிற பிள்ளைகள் பலர். எனக்கோ விரலுணர்ச்சியும் பொறுமையும் உள்ளவனே வேண்டும். புரி கடிக்கும் இடத்தில் நிறுத்தத் தெரிந்தவன், தெரியாததைக் கேட்கக் கூசாதவன், சொந்தக்காரர் அவசரப்படுத்தும்போதும் நான்கு நட்டையும் குறுக்குக்குறுக்காகப் படிப்படியாய் இறுக்குகிறவன் தகப்பனாரின் கட்டாயத்தால் வந்திருந்தாலும் நிலைத்துவிடுகிறான். அந்தச் சுபாவம் இல்லாதவன் வேறு தொழிலை நாடுவதில் இழிவு ஒன்றுமில்லை. புதிய பட்டை சுமையேறிப் படிந்தபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்கவேண்டும் என்பதையும் பொறுமையுள்ளவனே நினைவில் வைக்கிறான். சென்ற மாதம் அப்படி ஒரு பையன், தம்புள்ளைக்கு ஆறு நடை போனதும் திரும்பி வரும்படி சாரதியிடம் சொல்லியனுப்பிவிட்டு, சுவரில் கரித்துண்டால் நடைகளைக் கோடிட்டு வந்தான். ஆறாம் கோடு விழுந்த அன்று மாலை லொறி வந்தது. ரென்ச்சை வைத்துப் பார்த்தபோது நான்கில் மூன்று நட்டுகள் இன்னும் சற்று உள்ளே போயின.